வரப்பில் கிடக்கும் விஷ உருண்டை

ஆரணிப் பக்கம் தறி வேலையோடு நாலைந்து ஆடும் வளர்க்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஆட்டுக்குக் காவலாக ஒரு நாயும் இருக்கும். மந்தைக்கும் விளைநிலத்துக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். எச்சில் பட்டால் கழுவும் சட்டம் தனி; அதற்காக அந்த உயிர் எப்படியும் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. தாகத்தில் தவித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பன்றி ஒரே இரவில் மல்லாட்டைக் கொல்லையை உழுதுவிட்டுப் போனால் விவசாயிக்கு ஆத்திரம் வருவது நியாயம்தான். ஆனால் வைத்த விஷம் ஆள் பார்ப்பதில்லை. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பகுதியில், விஷம் வைக்கப்பட்ட மாட்டின் உடலைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மாட்டுக்காரர் கைதானார். புலிக்கே அந்தக் கதி என்றால், மோப்பம் பிடித்து ஓடும் நம் நாய் எம்மாத்திரம்?

எலிக்கு வைக்கும் கறுப்புப் பொடி ஜிங்க் பாஸ்பைடு. பூண்டு வாடை அடிக்கும். வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு நமக்கும் ஆபத்து. கிட்டே குனியாதீர்கள், காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பூச்சிமருந்து கலந்த தீனி என்றால் வாயில் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்பாவை சுருங்கும். சீக்கிரம் போனால் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்புண்டு. கேக் போல வரும் எலி மருந்துதான் ஏமாற்றும். தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே திரியும். பிறகு ஈறிலும் மலத்திலும் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தாலே உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். மயங்கிய நாய்க்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு மீதித் தீனியையும் மருந்துப் பாக்கெட்டையும் எடுத்து, நாயோடு உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 எண்ணில் கேட்டுப் பார்க்கலாம்.

மேய்ச்சலுக்குப் புறப்படும் முன் நாய்க்கு வயிறு நிறையப் போடுங்கள். பொழுது சாய்ந்தால் கட்டிவிடுங்கள். மருந்து வைக்கும் பருவத்தில் வாய்க்கூடு போட்டே கூட்டிப் போங்கள். தண்ணீர் குடிக்கவும் மூச்சு வாங்கவும் இடம் விடுகிற கூடாக இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குர்பானிக் கழிவை வரப்பில் வீசினால், கிடக்கும் இறைச்சியைத் தின்னலாம் என்று நாய்க்கு நாமே பழக்குகிறோம். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

தெரு நாய்த் தொல்லைக்கு விஷம் வைப்பது பற்றியும் பேச்சு அடிபடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி விலங்குக்கு விஷமிட்டுக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. தொல்லை இருந்தால் நகராட்சியில் மனுக் கொடுங்கள்.

தறிக்கூடத்தில் எலி நூலைக் கடிக்கிறது என்றால் பொறி வையுங்கள். மருந்துதான் வழி என்றால் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத பெட்டிக்குள் வைத்து, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. பழைய டியூப் பரணில் கிடந்தாலும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். செத்த எலியைக் குப்பையில் போடாமல் புதைத்துவிடுங்கள்.