கணினியின் தாமதமும் சங்கத்தின் பணமும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ரூ. 2,516 கோடிச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கீகரித்தது. கணினி வந்துவிட்ட சங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. புதிய மென்பொருள் ஒன்றை நிறுவத் தொடங்கினால் முற்பகல் முழுதும் கழிந்துவிடுகிறது; கடன் மனுவுடனோ கூலிப் பட்டியலுடனோ வந்த அங்கத்தினர் தாழ்வாரத்தில் காத்திருக்கிறார். உடனே புதிய கணினி வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வருகிறது. அதில் கையொப்பமிடுமுன், தாமதம் எவ்விடத்தில் நேர்கிறது என்று பார்த்தல் அவசியம்.

மென்பொருள் சுருக்கிக் கட்டிய மூட்டையாக வருகிறது. அதனைப் பிரித்து, பல்லாயிரம் சிறு கோப்புகளாகத் தட்டில் எழுதுவதே நிறுவுதல். பழைய கணினிகளின் வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வதாயினும், ஒவ்வொரு கோப்புக்கும் அதன் முனை நகர்ந்து உரிய இடத்தை அடைய வேண்டும். சிதறிய இடங்களை நொடிக்கு ஏறக்குறைய 100 தடவையே அதனால் எட்ட இயலும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. தட்டோ ஆயிரக்கணக்கில் எட்டிவிடும். தறியில் அமர்ந்தவர் கை எத்துணை விரைவாயினும், தார் சுற்றித் தருபவர் தாமதித்தால் தறி நின்றுதானே போகும்? கணினியின் செயலி நெசவாளர். வன்தட்டு தார் சுற்றுபவர்.

இதனைக் கண்டறிய நிபுணர் வேண்டுவதில்லை. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். நிறுவுதல் நடக்கையில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலும் 'சிபியு' 20-க்குள்ளும் நின்றால், குற்றம் தட்டினுடையது. அதை மட்டும் மாற்றினால் போதும். 'மெமரி' நிரம்பியிருந்தால் நினைவகத்தையும் கூட்ட வேண்டும். இடம் போதாத கணினி தட்டையே நினைவகமாக ஆளத் தொடங்குமாதலால் தாமதம் மிகும். விண்டோஸ் தன் திருத்தங்களை இறக்கிக்கொண்டிருக்கும் வேளையில் நிறுவ முயல்வதும் வீண்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்புகளைச் சோதிப்பதால் சிறிது தாமதம் நேர்வது மெய்யே. அதற்காக அதனை நிறுத்திவைத்தல், அங்கத்தினரின் சேமிப்புக் கணக்கு உள்ள இயந்திரத்தில் தகாது. 'கணினியை வேகமாக்குவோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களுக்குச் சங்கப் பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். சுழலும் தட்டு அவற்றால் விரைவு பெறாது. கணினி தொடங்கும்போதே தாமாக ஓடும் வேண்டாத மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியிலேயே செலவின்றி நிறுத்தலாம்.

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14-10-2025-இல் நிறுத்திவிட்டது. ஆதலின் விண்டோஸ் 11-ஐ ஏற்கவியலாத கணினிக்குப் புதிய தட்டு வாங்குமுன் யோசிக்க வேண்டும். அங்கே மட்டும் புதிய கணினித் தீர்மானம் நியாயமாகலாம். தட்டை மாற்றுவதாயின், கணக்குகளின் நகலை வேறிடத்தில் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பின்னரே பழையதைக் கழற்றுக. கழற்றியதைக் கடைக்காரரிடம் விட்டு வரலாகாது. அங்கத்தினர்களின் பெயர்களும் கடன் விவரங்களும் அதில்தான் இருக்கின்றன.