லெப்டொப்புக்கும் மூச்சு முட்டும்!

"உம்மா, லெப்டொப் நல்லா சுடுது!"

இந்தக் குரல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கலாம். பிள்ளை பாடம் செய்துகொண்டிருக்கையில் அது இரைச்சல் போட்டு, மெதுவாகி, திடீரென அணைந்தும் போயிருக்கலாம். உடனே "பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள் சகோதரிகளே!

2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் லெப்டொப்பே வகுப்பறையானது. 2022இல் நமது ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதிதாக ஒன்று வாங்குவது பெரும் சுமையாகிவிட்டது. எனவே, இருப்பதைப் பேணிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஏன் சூடாகிறது?

லெப்டொப்பின் மூளையான செயலி வேலை செய்யும்போது வெப்பம் உண்டாகிறது. ஒரு செப்புக் குழாய் அந்த வெப்பத்தை மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. சிறிய மின்விசிறி பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகளால் காற்றை இழுத்து, அத்தகடுகளினூடாக வெளியே தள்ளுகிறது. காற்றுடன் வரும் தூசியும் நூல் துணுக்குகளும் தகடுகளுக்கிடையே கம்பளி போலப் படிந்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. பல செயலிகள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் தானாகவே அணைந்துவிடும்.

நீங்களே சுத்தம் செய்யலாம்

முதலில் லெப்டொப்பை முற்றாக நிறுத்துங்கள். மூடி வைத்தால் மட்டும் போதாது. சார்ஜரைக் கழற்றுங்கள். பெட்டரி வெளியே கழற்றக்கூடியதாயின் அதனையும் எடுத்துவிடுங்கள். சூடு ஆறும் வரை பொறுத்திருங்கள்.

பின்னர் காற்றுத் துளைகளை மென்மையான, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். அழுத்தக் காற்று அடைத்த டின் கடைகளில் கிடைக்கும். அதனை நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக ஊதுங்கள். சாய்த்துப் பிடித்தால் குளிர்ந்த திரவம் சிந்திவிடும். துளை வழியே எட்டுமானால், விசிறி சுழலாதபடி ஒரு பற்குச்சியால் மெதுவாகத் தடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுமீறிச் சுழன்றால் பழுதாகலாம்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். வீடு கூட்டும் வெக்குயூம் கிளீனரும் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும்.

எப்போது திருத்துபவரிடம் போவது?

இப்படிச் செய்தும் சூடு குறையாவிட்டால், அடி மூடியைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் கைவைக்க வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் விற்ற இடத்திலேயே காட்டுங்கள். பல வருடங்கள் பாவித்ததாயின், செயலியின் மேல் பூசப்பட்ட வெப்பக் களிம்பு காய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ விசைப்பலகை மேலெழும்பியிருந்தாலோ அது பெட்டரி வீங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அது தீப்பற்றக்கூடியது. அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடாமல் உடனே திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வருமுன் காப்போம்

மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பாவிப்பதே பல வீடுகளில் நடக்கும் தவறு. துணி காற்றுத் துளையை அடைத்துவிடுகிறது. பஞ்சும் உள்ளே போகிறது. மேசையில், அல்லது குறைந்தது ஒரு பலகையின் மீதாவது வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அறை கூட்டும்போதும் சாம்பிராணி போடும்போதும் அதை அணைத்து அப்புறப்படுத்தி வையுங்கள். மாதம் ஒருமுறை துளைகளைத் துடையுங்கள்.

வீட்டு ஜன்னல் கம்பிகளில் படியும் தூசியை நாம் விட்டுவைப்பதில்லையே! பிள்ளையின் படிப்புக்கு உதவும் இந்தச் சிறு ஜன்னலையும் இன்றே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.