உங்களுக்குத் தெரியுமா? திரையில் தங்கிவிடும் சேனல் முத்திரை

அண்ணாகிராமம், பண்ருட்டிப் பக்கம் பழைய பிளாஸ்மா டிவி விலைக்கு வந்தால், முதலில் திரையின் மூலையைப் பாருங்கள். நாள் முழுக்க ஒரே சேனல் ஓடிய வீட்டில், அதன் முத்திரை அங்கே நிழலாகப் பதிந்திருக்கலாம்.

பிளாஸ்மா திரையின் நுண்ணறைகளில் நியான், செனான் வாயுக்கள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் புற ஊதாக் கதிர் எழும். அது பட்டு பாஸ்பர் பூச்சு ஒளிரும். ஒரே இடம் ஓயாமல் ஒளிர்ந்தால் அங்கே பூச்சு சீக்கிரம் தேயும். தேய்ந்தது திரும்பாது. 2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ண டிவியின் படக்குழாயிலும் பாஸ்பர்தான். எல்சிடி திரையில் இந்தத் தேய்மானம் இல்லை, ஓஎல்இடியில் உண்டு.

வாங்குமுன் வெறும் வெள்ளைத் திரையைப் போடச் சொல்லுங்கள். நிழல் தெரிந்தால் வாங்காதீர்கள்.