சுவிட்சை அடைத்தாலும் மின்சாரம் இருக்கும்!

சுங்கை பட்டாணி வட்டார ரப்பர் ஆலை ஒன்றில் நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது இது. கன்வேயர் திடீரென்று நின்றுவிட்டது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பழுது. மெயின் சுவிட்சை அடைத்தேன், மூடியைக் கழற்றினேன். திருப்புளியோடு கை உள்ளே போகும் நேரம், "தம்பி, கையை எடு!" என்று மூத்த சார்ஜ்மேன் சத்தம் போட்டார்.

மீட்டரை வைத்துக் காட்டினார். 500 வோல்ட்டுக்கு மேல்! எனக்கு வியர்த்துக் கொட்டியது.

காரணம் இதுதான். நம் ஆலைகளுக்கு வருவது 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரம். டிரைவ் அதை நேர்மின்சாரமாக மாற்றிக் கப்பாசிட்டரில் தேக்குகிறது. அங்கே சுமார் 565 வோல்ட் நிற்கும். சுவிட்சை அடைத்தாலும் அது உடனே வடிவதில்லை. விளக்கு அணைந்ததை நம்பவும் கூடாது.

எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 5, 10, பெரியவற்றுக்கு 15 நிமிடம்கூட. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, அந்த நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். பிறகு நேர்மின்சார முனைகளில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்பதையும் முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும்.

"காத்திருக்கும்போது தகட்டைப் படி" என்றார் அண்ணன். மாடல் எண், கிலோவாட், உள்வரும் வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதவைத்தார். 200 வோல்ட் டிரைவை 400 வோல்ட்டில் மாட்டினால் வெடித்துவிடும். ஆர், எஸ், டி முனைகளுக்கு மின்சாரம். யு, வி, டபிள்யு முனைகளுக்கு மோட்டார். மாற்றிக் கொடுத்தால் டிரைவ் கருகிவிடும். மோட்டாரை மெக்கர் வைத்துச் சோதிப்பதற்கு முன் டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும். வருடக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த டிரைவுக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. கையேட்டில் சொன்னபடி கப்பாசிட்டரை மெல்லப் பழக்க வேண்டும்.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கிலும் சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளிலும் இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையத்திடம் முறையாக வாங்குங்கள். "எப்போது ஓடும்?" என்று மேனேஜர் அவசரப்படுத்துவார். "பத்து நிமிடம் பொறுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு காப்பி குடிக்கும் நேரம்தான். அதைப் பொறுத்ததால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன்.