பட்டி மாடுகள் – 9: சூலகத்துக்கு வெளியே முதிரும் சூல்

எருமையின் சூலை உடலுக்கு வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் முதிரவைத்து, அங்கேயே கருக்கட்டச் செய்து, இன்னோர் எருமையின் கருப்பையில் வைத்துக் கன்று பெற முடியும் என்பது 1990இல் உறுதியானது. அந்த ஆண்டு இந்தியாவின் கர்னாலில் உள்ள தேசிய பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த கன்றுக்குப் 'பிரதம்' என்று பெயர் வைத்தார்கள். பசுவில் சோதனைக்குழாய்க் கன்று 1981இலேயே அமெரிக்காவில் பிறந்துவிட்டது.

எருமையில் இந்த வேலை பசுவைவிடக் கடினம். பசுவின் சூலகங்களில் சூலைக் கொண்ட ஆரம்பப் புடைப்புகள் 1,00,000க்கு மேல் உண்டு. எருமை நாகில் இருப்பவை 10,000 முதல் 20,000 வரைதான். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் எருமைச் சூலகம் ஒன்றில் நல்ல தரமான சூல் ஒன்றோ இரண்டோ கிடைத்தால் பெரிய காரியம். உயிருள்ள எருமையிலிருந்தும் சூலை எடுக்கலாம். கழியொலிக் கருவியின் திரையைப் பார்த்தபடி நீண்ட ஊசியால் புடைப்பின் நீரை உறிஞ்சுவார்கள். வாரத்துக்கு இருமுறை இப்படி எடுத்தாலும் அந்த மாட்டைப் பிறகு சினைப்படுத்தலாம்.

எடுத்த சூல் உடனே பயன்படாது. முரா போன்ற ஆற்றெருமையின் கலத்தில் 50 நிறமூர்த்தங்கள் உண்டு. விந்தை ஏற்குமுன் சூல் அவற்றை 25 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சூலகத்துக்குள் மூளையடிச் சுரப்பியின் ஓமோன்கள் தூண்டி நடப்பது இது. ஆய்வுகூடத்தில் அதே ஓமோன்களை வளர்ப்பூடகத்தில் கலந்து, 38.5 பாகை செல்சியசில், 5 வீதம் காபனீரொட்சைட்டு உள்ள காற்றில், 22 முதல் 24 மணித்தியாலம் வைப்பார்கள். சூலைச் சுற்றி இறுக ஒட்டியிருக்கும் சிறு கலங்கள் அதற்குள் நெகிழ்ந்து விரிந்துவிடும். நுணுக்குக்காட்டியில் அந்த விரிவைக் கண்டால் சூல் முதிர்ந்ததென்று கொள்ளலாம். அந்தக் கலங்கள் உரிந்துபோன சூல் பெரும்பாலும் முதிர்வதில்லை. ஊட்டமும் சைகையும் அவற்றின் வழியாகவே சூலுக்குப் போகின்றன.

விந்துக்கும் ஒரு முதிர்ச்சி தேவை. பெண் விலங்கின் கருவழியில் சில மணித்தியாலம் கிடந்த பிறகே விந்தணுவுக்குச் சூலைத் துளைக்கும் திறன் வருகிறது. கிண்ணத்தில் அந்த வேலையை எப்பாரின் என்ற பொருள் செய்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து ஆறேழு நாளில், கருப்பைக்கு மாற்றத்தக்க முளையம் உருவாகிறது. முதிரவைத்த சூல்களில் நான்கில் ஒரு பங்கு அந்த நிலைக்கு வந்தாலே நல்ல பேறு. எருமைச் சூலில் கொழுப்புத் துளிகள் மிகுதி. அதனால் அது கருமையாகத் தெரியும், உறையவைத்தால் எளிதில் கெடும்.

ஒட்டகமும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த, பெருவின் அல்பாக்காவும் இலாமாவும் சூல் முதிர்வில் எருமைக்கு மாறான தனி வகை. எருமை சுமார் 21 நாளுக்கொருமுறை தானாகவே சூலை வெளிவிடும். ஒட்டகக் குடும்பம் புணர்ச்சிக்குப் பிறகே, ஏறத்தாழ ஒரு நாளோ சற்றுக் கூடவோ கழித்து வெளிவிடும். அதைத் தூண்டுவது ஆணின் விந்துப் பாயத்தில் உள்ள ஒரு புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று முன்பே அறியப்பட்டிருந்த புரதமே அது என 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. அல்பாக்காவின் சூல் கிண்ணத்தில் முதிர 30 மணித்தியாலமும் அதற்கு மேலும் எடுக்கும். விந்தோ பசைபோல இழுபடுவது; நொதியம் சேர்த்து இளக்கினால்தான் விந்தணுவைப் பிரித்தெடுக்க முடியும்.

இலங்கையின் வன்னிப் பகுதி எருமைக்கு நிறமூர்த்தக் கணக்கு சாதகமாக இருக்கிறது. தோற்றத்தில் இலங்கை நாட்டெருமை தென்கிழக்காசியாவின் சதுப்பு எருமையை ஒத்தது. சதுப்பு எருமைக்கு நிறமூர்த்தம் 48. ஆனால் நாட்டெருமைக்கு இருப்பது முரா போன்ற ஆற்றெருமைகளைப் போல 50. ஆகவே முராவின் விந்தோடு அது தடையின்றிச் சேரும். சதுப்பெருமையும் ஆற்றெருமையும் சேர்ந்து 49 நிறமூர்த்தத்தோடு பிறக்கும் கலப்பினங்களின் சினைக்குறைவு இங்கே எழாது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. எருமையின் வேட்கை ஊமை வேட்கை. பசுவைப்போலக் கத்துவதும் மற்ற மாட்டில் ஏறுவதும் குறைவு. அறிகுறிகள் பெரும்பாலும் இரவில் தெரியும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் ஓரங்களில் மேயும் பட்டியில் அதைக் காண்பவர் யார்? குண்டசாலைச் செயற்கைச் சினைப்படுத்தல் நிலையத்திலிருந்து திரவ நைதரசனில் உறைந்த விந்து வந்தாலும், வேட்கை தெரியாவிட்டால் சினை ஊசி போட முடியாது. கிண்ணத்தில் உருவான முளையத்தைக்கூட, எந்த நாளில் வேட்கை கண்டது என்று தெரிந்த எருமைக்கே வைக்கலாம். வன்னிக்கு முதல் தேவை வேட்கையைக் கவனிக்கும் கண்ணும் ஓமோனால் வேட்கையை ஒழுங்குபடுத்தும் சேவையும்தான்.

ஆனாலும் நாட்டெருமையின் வழி கலப்பில் கரைந்துபோகாமல் காக்க, சூலைக் கிண்ணத்தில் முதிரவைக்கும் இந்த நுட்பம் வேண்டும். இறந்த நல்ல எருமையின் சூலகத்தை இளஞ்சூடான உப்புக் கரைசலில் இட்டு, நான்கைந்து மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். மிருக வைத்திய பீடம் இருக்கும் பேராதனை கிளிநொச்சியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில்; அப்படியொரு ஆய்வுகூடம் அமைய வேண்டிய இடம் அதுதான்.