உள்ளே அழைத்தவர்கள் வெளியே கொண்டுவரவும் வேண்டாமா?

நாம் தொழில் புரியும் மாடிக் கட்டடத்தில் திடீரெனத் தீப்பிடித்தால் என்ன செய்வோம்? அபாய மணி ஒலித்ததும் படிகளால் இறங்கி ஓடுவோம். தீயின்போது மின்னுயர்த்தியில் ஏறக் கூடாது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கும் சக ஊழியருக்கு மின்னுயர்த்திதானே ஒரே வழி! அவர் கதி என்ன?

இதற்கு நியூயோர்க் நகரின் உலக வர்த்தக மையத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

1993 பெப்ரவரி 26ஆம் திகதி அங்கே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் குண்டு வெடித்தது. மின்சாரம் தடைப்பட்டது, படிக்கட்டுகளில் புகை நிறைந்தது. வடக்குக் கோபுரத்தின் 69ஆம் மாடியில் பணியாற்றிய, கை கால் இயங்காத உத்தியோகத்தர் ஒருவரைக் கீழே கொண்டுவந்து சேர்க்க ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் சென்றன.

அந்த அனுபவத்தின் பின்னர், படிகளில் சறுக்கி இறக்கக்கூடிய விசேட நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி காலை 8.46க்கு அதே கோபுரத்தில் விமானம் மோதியது. சக ஊழியர்கள் பத்துப் பேர் அதே மனிதரை அந்த நாற்காலியில் அமர்த்தி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே கொண்டுவந்தனர். 10.28க்குக் கோபுரம் இடிந்து வீழ்ந்தது. கிடைத்த அவகாசம் 102 நிமிடங்களே! முன்போல ஆறு மணித்தியாலம் சென்றிருந்தால்?

அன்று அதே கோபுரத்தின் 27ஆம் மாடியில் சக்கர நாற்காலியிலிருந்த நண்பரைத் தனியே விட்டுச்செல்ல மனமின்றி, இன்னோர் ஊழியர் அவருடனேயே தங்கி உதவிக்காகக் காத்திருந்தார். இருவருமே மீளவில்லை. அன்புக்கும் தியாகத்துக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் அன்பு மட்டும் ஒருவரைப் படியிறக்கிவிடாது. முன்னேற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாடு பெருஞ்செலவுடையதல்ல. முதலில், உரியவரிடமே கேட்க வேண்டும். தம்மை எப்படித் தூக்குவது, எங்கே பிடித்தால் வலிக்கும் என்பதை அவரே நன்கறிவார். அவருக்கு உதவுவோர் யார் யார் என்று பெயர் குறித்துவைக்க வேண்டும். அவர்கள் விடுமுறையில் நின்றால் பதிலுக்கு யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். நாற்காலி பூட்டிய அறையிலல்ல, படிக்கட்டின் அருகே இருக்க வேண்டும். அவர் எந்த மாடியில் காத்திருக்கிறார் என்பதைத் தீயணைப்புப் படையினருக்கு வாசலிலேயே சொல்ல ஒருவர் வேண்டும். காது கேளாதவருக்கு மணியோசை பயன் தராது. மின்னி எரியும் விளக்கு வேண்டும். பார்வையற்றவர் வெளியேறும் வழியை முன்கூட்டியே நடந்து பழக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்க வேண்டும். “நீங்கள் சிரமப்பட வேண்டாம், இருங்கள்” என்று கூறி ஒத்திகையின்போது அவரை மேலேயே விட்டுவிடுவது இரக்கமன்று. ஒத்திகையில் விடுபட்டவர் ஆபத்திலும் விடுபட்டுப் போவார்.

கால் முறிந்தவர், இருதய நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி என நம்மில் எவரும் நாளை அந்த நிலைக்கு ஆளாகலாம். எனவே, அடுத்த முறை காரியாலயப் படியேறும்போது ஒரு கணம் நின்று சிந்தியுங்கள்: இப்படியால் இறங்க இயலாதவர் நம்மிடையே யார்? அவரை இறக்கப் போவது யார்?