மஞ்சளித்த இலைக்கு எப்பசளை?

பயிர் மஞ்சளிப்பதைக் கண்டவுடன் யூரியா இடுதல் கமக்காரர் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். நைதரசன் குறைந்த பயிருக்கு அது நன்மை தரும். குறை வேறொன்றாயின் பணமும் வீண், காலமும் வீண். அன்றியும், பயிர் உட்கொள்ளாத நைதரசன் நீருடன் நிலத்தடிக்கு இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு மிகைப் பசளையும் ஒரு காரணமாகும். ஆகவே, பசளைப் பையை அவிழ்க்குமுன் இலையை நன்கு பார்த்தல் வேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது யாது?

மஞ்சளித்தது அடியிலையா, குருத்திலையா என்பதே முதற் கேள்வி. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியன பயிரினுள் இடம்பெயரக்கூடியவை. அவை குறையும்போது பயிர் முதிர்ந்த இலையில் உள்ளதை எடுத்து இளங்குருத்துக்கு ஊட்டும். எனவே குறி அடியிலையில் தோன்றும். இரும்பு எளிதில் இடம்பெயராது. ஆதலால் அதன் குறைவு குருத்திலே தெரியும்.

அடியிலைக் குறிகள்

நைதரசன் குறைந்தால் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். பொற்றாசியம் குறைந்தால் இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துக் கருகும். மகனீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். பொசுபரசு குறைந்த நெல் மஞ்சளிக்காது. கரும்பச்சை நிறத்துடன் குட்டையாகி, மட்டம் குறைந்து நிற்கும்.

குருத்திலைக் குறி

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மிளகாய், தக்காளி ஆகியவற்றின் குருத்திலை நரம்பிடையே மஞ்சளித்தல் இரும்புக் குறைவின் அடையாளமாகும். மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதனைப் பயிருக்குக் கிடைக்கவிடாது. பத்து லீற்றர் நீரில் 50 கிராம் பெரசு சல்பேற்றுக் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் விசிறுக. முதலில் ஒரு சில செடிகளுக்கு மாத்திரம் விசிறிப் பார்க்கவும். அவை பச்சை பிடித்தால் குறை இதுவே என்பது உறுதியாகும்.

நெல்லில் நாகக் குறைவு

நாற்று நட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களுள் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி, இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றி, இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளிறினால் நாகம் குறைந்துள்ளதென்று கருதலாம். நீர் நீங்காது நிற்கும் வயல்களிலும் காரத்தன்மையுள்ள மண்ணிலும் இது மிகுதி. முதலில் நீரை வடியவிடுக. பின்னர் பத்து லீற்றர் நீருக்கு 50 கிராம் நாக சல்பேற்றும், 25 கிராம் நீறிய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரும் சேர்த்து விசிறுக.

கவனிக்க

மஞ்சளிப்பு யாவும் போசணைக் குறைவன்று. செடியொன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருப்பின் நீர் தேங்கியதே காரணமாகலாம். வேரில் முடிச்சுகள் இருப்பின் வட்டப்புழுவாகலாம். இவற்றுக்குப் பசளை மருந்தாகாது. ஐயமிருப்பின், நோயுற்ற செடியொன்றையும் நல்ல செடியொன்றையும் வேருடன் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த போகத்துக்கு முன் மண்ணையும் பரிசோதிப்பித்து, அதன்படி பசளை இடுதல் நன்று.